ஹவாய் போறோம், பாலினேசியன் கல்ச்சுரல் சென்டருக்கு ஒரு நாள் முழுசா ஒதுக்கலாமுங்களா?

சென்னிமலை_தறி:

வணக்கமுங்க எல்லாருக்கும். பையன் கலிபோர்னியாவுல வேலைல இருக்கான், புரட்டாசி கடைசில நானும் எங்க ஊட்டம்மாவும் அவன்கிட்ட போறோம், போனதும் போறீங்க கல்யாணமாகி முப்பது வருசம் ஆச்சு ரெண்டு பேரும் அப்படியே ஹவாய் பாத்துட்டு வாங்கன்னு டிக்கெட்டும் போட்டுட்டான். ஓவாஹு தீவுல வைகிகி பீச்கிட்ட ரூமு. நமக்கு மணல்ல துண்டை விரிச்சு படுத்துக் கெடக்கறதெல்லாம் சரிப்படாதுங்க, அரை மணி நேரம் கால நனைச்சா போதும், பொறகு என்ன பண்றதுன்னு முழிக்கோணும்.

எங்க ஊட்டம்மா யூடியூப்ல, பசிபிக் கடல் தீவு சனங்களோட ஆட்டம் பாட்டம் தொழிலெல்லாம் காட்டற இந்த பாலினேசியன் கல்ச்சுரல் சென்டர் வீடியோவ பாத்துட்டு போனா அங்கதான் போகோணும்னு ஒரே புடியா நிக்குது. பையன் என்னடான்னா அது டூரிஸ்ட்டுக்கு காட்டற வேசம்ப்பா, சாப்பாட்டோட சேத்தா ஒரு ஆளுக்கு நூறு டாலருக்கு மேல போகும், அந்தக் காசுக்கு வேற எங்கியாவது போங்கங்கறான். ரெண்டு பேத்துக்கும் நடுவுல நான்.

போனவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. ஒரு நாள் பூரா அங்க ஓட்டலாமுங்களா? எனக்கு இங்கிலீசு காதுல விழுந்தா புரியும், எங்க ஊட்டம்மாவுக்கு சுமாராத்தான் புரியும். அதுவுமில்லாம புரட்டாசில அது கவுச்சி தொடாது. அங்க பன்னிய முழுசா குழிக்குள்ள போட்டு சுடுவாங்கன்னு வீடியோவுல காட்டறான், இது பாத்துட்டு வேற எங்கியோ திரும்பிக்குது.


பொள்ளாச்சி_இளநீர்:

தாராளமா போங்ணா. மக ஊட்டுக்கு போயிருந்தப்ப நானும் எங்க ஊட்லயும் போனோம், அந்த ட்ரிப்புல எனக்கு மனசுல நின்னது அந்த ஒரு நாள்தான்.

மொதல்ல ஒண்ணு, ஞாயித்துக்கிழமையும் புதன்கிழமையும் லீவுங்க, பையன்கிட்ட சொல்லி அதைப் பாத்து நாள் போடச் சொல்லுங்க. எடம் லாயியேங்கற ஊரு, வைகிகில இருந்து கார்ல ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், வழி பூரா ஒரு பக்கம் கடலு ஒரு பக்கம் மலை, அதுக்கே போகலாம். சிட்டி பஸ்ஸும் போகுது ஆனா ஆடி அசைஞ்சுதான் போகும். ராத்திரி திரும்பறப்ப அந்தக் கடலோர ரோடு ரெண்டே வழி, இருட்டு, வண்டி எல்லாம் நம்மூருக்கு எதிர்ப்பக்கம் ஓடும், அதனால நீங்க ஓட்ட வேண்டாம், அவங்க கோச்சு பஸ் இருக்குது அதுல சீட்டு போட்டுக்கோங்க. மதியத்துக்கு மேலதான் கிராமங்கள தொறப்பாங்க, ராத்திரி பெரிய ஷோ முடிய ஒம்பது மணி ஆயிரும், அதனால வெடியால நல்லா தூங்கி எந்திரிச்சு சாவகாசமா கிளம்புங்க.

உள்ள ஒரு ஓடை மாதிரி தண்ணி விட்டிருக்கான், அதைச் சுத்தி ஆறு கிராமம், சமோவா, டோங்கா, டஹிட்டி, ஃபிஜி, ஹவாய், அப்புறம் ஆவோடெயாரோவான்னு நியூசிலாந்து பூர்வகுடி மவோரிங்க கிராமம். ஈஸ்டர் தீவு சிலைக்கும் ஒரு மூலைல எடம் குடுத்திருக்காங்க. ஒவ்வொரு கிராமத்துலயும் டைம் போட்டு நிகழ்ச்சி நடக்கும், டைம் டேபிள் கையில குடுப்பாங்க. எல்லாத்தையும் பாத்துப்போடோணும்னு ஓடுனீங்கன்னா ஒண்ணையும் பாக்க மாட்டீங்க. எங்க கோச்சுல வந்த ஒரு குடும்பம் அப்படித்தான், கையில மேப்ப வெச்சுக்கிட்டு இந்த வாசல்ல நுழைஞ்சு அந்த வாசல்ல வந்துக்கிட்டே இருந்தாங்க. மூணு எடம் புடிச்சு உக்காருங்க, போதும்.

நான் சமோவாவுல உக்காந்தவன் எந்திரிக்கவே இல்லீங்க. நமக்கு தென்னந்தோப்பு, அங்க ஒருத்தர் தேங்காய் உரிச்சுக் காட்டறாரு, அப்புறம் எப்படி எந்திரிக்கறது. தரையில கூரா சீவுன ஒரு குச்சிய சாய்வா நட்டிருக்காங்க, நம்ம பக்கம் இரும்புப் பாரை நடுவமே, அதேதான், இது மரம். காயை ரெண்டு கையிலயும் புடிச்சு குத்தி ஒரு திருகு, இன்னொரு குத்து, மட்டை தனியா வந்துருச்சு. அப்புறம் ஒரு கல்ல எடுத்து காயோட இடுப்பச் சுத்தித் தட்டுனாரு, சரி பாதியா ரெண்டு மூடியாப் பிரிஞ்சுது, சில்லு சிதறல. துருவறதுக்கு மேல உக்காந்துக்கற மாதிரி ஒரு பலகை, முன்னால பல்லு வெச்ச நாக்கு. துருவுன பூவை துணியில கட்டிப் புழியல, மட்டை நாரையே எடுத்து பூவை அதுக்குள்ள வெச்சு முறுக்குனாரு, பாலு கெட்டியா எறங்குச்சு. துணி இல்லாத ஊர்ல வடிகட்டியும் தேங்காயிலயே. அப்புறம் ஒரு பையன் கால்ல துண்டு மாட்டிக்கிட்டு மரத்துல ஏறுனான் பாருங்க, மேல போயி கைய விட்டுட்டு வேடிக்கை காட்டறான், எங்க ஊட்ல எறங்கச் சொல்லு அவனைன்னு என்னையப் புடிச்சு உலுக்குது.

ஒண்ணு சொல்லியாகோணும். ரோட்டோரம் தென்னை ஓலையப் பாத்தனுங்க, கத்தரியில வெட்டுன மாதிரி முக்கோணமா வெட்டு வெட்டா இருக்குது. பாத்ததும் தெரிஞ்சு போச்சு, காண்டாமிருக வண்டு. மருமகன்கிட்ட கேட்டா ஆமா மாமா 2013லதான் இந்தத் தீவுல மொதல்ல கண்டுபுடிச்சாங்க, இப்ப கட்டுப்படுத்த முடியாமத் திணறறாங்கன்னாரு. அத்தனை கடல் தாண்டி வந்தும் அந்தக் கெரகம் நம்மள விடலையேன்னு நெனச்சுக்கிட்டேன்.

டோங்கா கிராமத்துல முன் வரிசைல மட்டும் உக்காராதீங்க. மோளம் அடிக்கறவரு கூட்டத்துல இருந்து ஆம்பளைங்களா பாத்து மேடைக்குக் கூப்புட்டு தன்னைய மாதிரியே அடிக்கச் சொல்லி படுத்துவாரு. கூச்சம் இல்லீன்னா உக்காருங்க, இங்கிலீசே தேவைப்படாது, கூட்டம் பூரா சிரிச்சே சாயும்.


கோவை_டு_சியாட்டில்:

உங்க பையன் சொல்றதுல பாதி நியாயம் இருக்குங்க சார், அதையும் யாராவது சொல்லோணும்.

அந்த எடத்தை நடத்தறது மார்மன் சர்ச்சுங்கற அமெரிக்கக் கிறிஸ்தவ சபை. 1865ல லாயியேல நெலம் வாங்குனாங்க, 1919ல அங்க கோயில் கட்டுனாங்க, இந்த சென்டர் 1963ல தொறந்தது. பக்கத்துலயே அவங்க யுனிவர்சிட்டி, நீங்க பாக்கற டான்ஸர்ல பெரும்பாலும் அங்க படிக்கற பசங்க. தப்பு இல்ல, ஆனா சிரிச்ச முகம், பூ மாலை, மோளம்னு ஒரு அழகான பக்கத்தை மட்டும்தான் பாப்பீங்க. ஃபிஜிய பாலினேசியாவுல சேத்திருக்காங்க, ஆராய்ச்சிக்காரங்க கணக்குல அது மெலனேசியாங்கற பக்கத்துத் தீவுக் கூட்டம், டோங்கா சமோவா கூட கொண்டான் குடுத்தான் உறவு உண்டுங்கறது வேற விசயம்.

ஹவாய்க்காரங்களோட கதை அந்த கிராமத்துக்குள்ள பெருசா வராது. அவங்களுக்கு ராஜா ராணி இருந்தாங்க, 1893ல லிலியுவோகலானி ராணிய எறக்கிட்டு தோட்ட மொதலாளிங்களும் அவங்க ஆளுங்களும் ஆட்சியப் புடிச்சாங்க, 1898ல அமெரிக்கா சேத்துக்கிச்சு. இப்ப எல்லாரும் கை தட்டிப் பாக்கற ஹூலாங்கற அவங்க ஆட்டத்த 1830ல பொது எடத்துல ஆடக்கூடாதுன்னு தடை பண்ணுனாங்க, மிஷனரிங்க பேச்சக் கேட்டு மதம் மாறுன காஅஹுமானு ராணி போட்ட தடை அது. அப்புறம் கலாகவுவா ராஜா 1883ல தன்னோட முடிசூட்டு விழாவுல எல்லார் முன்னாலயும் ஆட விட்டாரு. இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டுப் போயி அந்த ஆட்டத்தைப் பாத்தீங்கன்னா வேற மாதிரி இருக்கும்.

அதனால என் ஓட்டு: ஹொனலூலு ஊருக்குள்ளயே பிஷப் மியூசியம் இருக்கு, 1889ல ஆரம்பிச்சது, அது ஒரு காலைப் பொழுது. அப்புறம் இயோலானி அரண்மனை. ராணிய 1895ல அங்கயே ஒரு ரூம்ல அடைச்சு வெச்சாங்க, அந்தக் காவல்ல இருந்தப்ப அவங்களும் கூட இருந்த அம்மாவும் சேந்து துண்டு துண்டா பட்டுத் துணிய ஒட்டுப் போட்டுத் தெச்ச ஒரு போர்வைய இன்னும் வெச்சிருக்காங்க. ரெண்டும் சேந்தே அந்த ஒரு டிக்கெட் காசு ஆகாது.


பொள்ளாச்சி_இளநீர்:

தம்பி சொன்னதெல்லாம் சரிதான், நாங்களும் அரண்மனைக்கு போனோம். ஆனா வேசம்ங்கறத மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். அந்த சமோவா பையன் சமோவாவுல பொறந்தவன், டோங்காக்காரன் டோங்காக்காரன், பாதி நாள் காலேஜு பாதி நாள் இங்க, இதுலதான் ஃபீஸ் கட்டறான். தேங்காய் உரிக்கறது அவன் ஊட்டுல பாத்து வளந்த வேலை, டூரிஸ்ட்டுக்குன்னு கத்துக்கிட்டவன் கை அப்படி திரும்பாதுங்க தம்பி, உரிக்கறவன் கைய நான் தெனம் பாக்கறவன். நம்மூர்ல கரகாட்டம் ஆடறவரு கவர்மெண்ட் விழாவுல ஆடுனா அது கரகாட்டம் இல்லீன்னு ஆயிருமா. தீ வெச்ச கத்திய சுத்தறானுங்களே சமோவாக்காரனுங்க, அதுக்கு 1993ல இருந்து ஒலகப் போட்டியே அங்கதான் நடத்தறாங்க.

இன்னொண்ணு, ஹவாய் கிராமத்துல யோசேபான்னு ஒரு ரெட்டை ஓடம் நிறுத்தியிருக்காங்க, 2001ல அந்த ஊர்லயே செதுக்கி கடல்ல எறக்குனது. அதுகிட்ட கூட்டமே இருக்காது, போயி நில்லுங்க. இவங்க முன்னோரு திசைகாட்டி இல்லாம, வரைபடம் இல்லாம, நட்சத்திரத்தையும் அலை வர்ற பக்கத்தையும் பறவையையும் பாத்தே தீவு தீவாக் குடியேறுனவங்க. அதெப்புடி முடியும், காத்துல அடிச்சுட்டுப் போயி ஒதுங்கியிருப்பாங்கன்னு படிச்சவங்களே எழுதுனாங்களாம், அதுக்குப் பதிலா ஹோகுலேயான்னு ஒரு ஓடம் கட்டி 1976ல ஹவாயில இருந்து டஹிட்டிக்கு கருவி ஒண்ணும் இல்லாம ஓட்டிக் காட்டுனாங்க, நாலாயிரம் கிலோமீட்டர். வழி காட்டுனவரு மாவ் பியாய்லுக். அவரு ஹவாய்க்காரரு இல்ல, மைக்ரோனேசியாவுல சடாவல்னு ஒரு குட்டித் தீவு, ஏன்னா ஹவாயில அந்த வித்தை தெரிஞ்சவங்க ஒருத்தரும் மிச்சம் இல்ல அப்ப. அவருகிட்டக் கத்துக்கிட்டு 1980ல நைனோவா தாம்சன்னு ஹவாய்க்காரரே ஓட்டிட்டு போனாரு. அந்த ரெட்டை ஓடத்துக்கு முன்னால இதைக் கேட்டப்ப எனக்கு பேச்சு வரலீங்க.


சென்னிமலை_தறி:

ரெண்டு பேத்துக்கும் நன்றிங்க. தம்பி சொன்ன போர்வைக்காகவே அரண்மனைக்கு போயாகோணும், அது தனி நாள் வெச்சுக்கறோம். எனக்கு ஒரு சந்தேகம், துணி இல்லாத ஊருன்னு அண்ணா போற போக்குல சொல்லீட்டீங்க, அப்பறம் என்னத்த உடுத்துனாங்க? தறியே கெடையாதுங்களா அங்க? தறிக்காரனுக்கு இதைக் கேக்காம தூக்கம் வராதுங்க. சாப்பாட்டுக்கும் யாராவது வழி சொல்லுங்க.


கோபி_வாய்க்கால்:

அண்ணா, இதுக்கு நான் சொல்றேன். நானும் எங்க ஊட்டுக்காரரும் போயிருக்கோம், அவரு போட்டோ எடுக்கறதுலயே இருந்தாரு, நான்தான் ஒவ்வொண்ணா உக்காந்து பாத்தேன்.

தறி இல்லீங்க. பஞ்சும் இல்ல நூலும் இல்ல. மரப்பட்டையத் தட்டித்தான் துணி. காகித மல்பெரின்னு ஒரு மரம், பட்டுப்பூச்சிக்கு வளக்கற மல்பெரிக்கு தூரத்துச் சொந்தம். எளங்குச்சியா வெட்டி பட்டைய நீளவாக்குல உரிச்சு, மேல் தோலச் சுரண்டிட்டு உள்பட்டைய ஊற வெச்சு, ஒரு மரக்கட்டை மேல போட்டு வரி வரியாக் கோடு வெட்டுன இன்னொரு கட்டையால தட்டறாங்க. அந்தம்மா என் கையிலயும் குடுத்துச்சு. வெரல் அகலம் இருந்த பட்டை தட்டத் தட்ட உள்ளங்கை அகலம் ஆகுது, அப்பறம் அதுக்கு மேலயும் விரியுது, கிழியல. ஓரத்தோட ஓரத்தை வெச்சு பசை தடவி ஒட்டி எவ்வளவு பெருசு வேணுமோ அவ்வளவு பெருசு பண்ணிக்கறாங்க, டோங்காவுல ஒரு கூடம் பூரா விரிக்கற அளவுக்குப் பண்ணி பொம்பளைங்கெல்லாம் சுத்தி உக்காந்து சாயம் தேய்ப்பாங்களாம். டோங்காவுல ங்காட்டு, சமோவாவுல சியாப்போ, ஃபிஜில மாசி, ஹவாயில காப்பா, ஊருக்கு ஒரு பேரு. இன்னைக்கும் டோங்காவுல கல்யாணத்துக்கும் எழவுக்கும் சீரா இதைத்தான் மடிச்சுக் கொண்டு போறாங்க. தொட்டுப் பாருங்கண்ணா, நெசவு இருக்காது, பாவு ஊடை ஒண்ணும் தெரியாது, ஆனா நாரு ஓடற பக்கம் வெளிச்சத்துல காட்டுனா தெரியும். உங்க கைக்கு என்னைய விட எச்சாவே தெரியும். பாயும் அப்படித்தான், தாழை ஓலையச் சன்னமாக் கிழிச்சு கையாலயே முடையறாங்க, சமோவாவுல நல்ல பாய் ஒண்ணு முடைய மாசக்கணக்குல ஆகுமாம், படுக்கறதுக்கு இல்ல, குடும்பச் சொத்து அது.

சாப்பாடு: ராத்திரி சாப்பாட்டுல லூவாவ்னு விருந்து மாதிரி ஒண்ணு, சாதாரண பஃபே ஒண்ணுன்னு ரெண்டு வகை இருக்குங்க. பன்னி லூவாவ்ல வரும், குழிய வெட்டி சூடான கல்ல அடுக்கி வாழைமட்டை, 'டி'ங்கற செடியோட இலையெல்லாம் (டீத்தூள் செடி இல்ல) போட்டு மூடி வேக வெப்பாங்க, அதைத் தோண்டி எடுக்கறதையும் காட்டுவாங்க. அக்கா அதைப் பாக்க வேண்டாம்னா நீங்க மட்டும் போயிட்டு வாங்க, புரட்டாசின்னா உங்களுக்கும் வேண்டாமே! டிக்கெட் போடறப்பவே சைவம்னு சொல்லிருங்க. முட்டை மீனும் கூடாதுன்னு தனியாச் சொல்லோணும், அங்க சைவம்னா மீனுன்னு நெனைக்கற ஆளு உண்டு. சோறு, பழம், சாலட், சேனை மாதிரி கெழங்கு, பிரெட்டுன்னு வயிறு ரொம்பிரும், ருசி எதிர்பாக்காதீங்க. நான் கைப்பையில ஊறுகாய் பாக்கெட்டும் பருப்புப் பொடியும் கொண்டு போயிருவேன். சர்ச்சு எடங்கறதால சாராயம் பீரெல்லாம் கெடையாது, ராத்திரி கூட்டத்துல தள்ளாட்டம் இல்லாம நிம்மதியா இருந்துச்சு.

'போயி'ன்னு ஒண்ணு குடுப்பாங்க, சேப்பங்கிழங்க வேக வெச்சு கல்லுல இடிச்சு தண்ணி விட்டுக் கரைச்ச மாவு, ஊதா கலரு, ரெண்டு நாள் விட்டா புளிச்ச ராகிக் கூழு மாதிரியே வாசம் வரும். பக்கத்துல நின்ன வெள்ளைக்காரங்கெல்லாம் மூஞ்சிய சுளிச்சாங்க, நான் ரெண்டாந்தரம் கேட்டு வாங்குனேன். அவங்க கதை ஒண்ணு சொன்னாங்க, மொதல்ல பொறந்த கொழந்தை பொறந்ததுமே செத்துப்போயி பொதைச்ச எடத்துல சேப்பங்கிழங்கு மொளைச்சுதாம், அடுத்துப் பொறந்த தம்பிதான் மனுசங்க எல்லாத்துக்கும் மூதாதை. அதனால கெழங்கு அவங்களுக்கு அண்ணன் மொறை, போயி வெச்ச சட்டி தொறந்திருக்கறப்ப ஊட்டுல சண்டை போடக்கூடாது. எங்க ஊட்டுக்காரர திரும்பிப் பாத்தேன், அப்பவும் போட்டோதான் எடுத்துக்கிட்டிருந்தாரு.

அக்காவுக்கு: சேலை வேண்டாம், ஓடத்துல ஏறி எறங்கோணும், சுடிதாரு போட்டுக்கோங்க. ஹூலா சொல்லித் தர்ற எடத்துல கண்டிப்பா நில்லுங்க, கும்மி அடிச்ச கைக்கு டக்குனு வந்துரும்னு நெனச்சேன், வரல, இடுப்பு ஒரு பக்கம் போகையில கை அலையாகோணும், மழையாகோணும், பூவாகோணும். ஆனா சிரிச்சு சிரிச்சு நல்லா இருந்துச்சு. மவோரி கிராமத்துல குச்சிய மாத்தி மாத்தி தூக்கிப் போட்டுப் புடிக்கற வெளையாட்டு இருக்கு, அதுல ரெண்டு பேருமா எதுக்கெதுக்க உக்காந்து வெளையாடுங்க, யாரு மொதல்ல கீழ போடறாங்கன்னு பாக்கலாம்.


தாராபுரம்_காத்தாடி:

ஃபிஜி பேச்சு வந்ததால நானும் ஒண்ணு. ஃபிஜி கிராமத்துல மூங்கில் குழாயத் தரையில இடிச்சு சத்தம் எழுப்புவாங்க, சின்னது பெருசுன்னு ஒவ்வொண்ணும் ஒரு சுரம், நல்லா இருக்கும். அங்க நின்னுக்கிட்டு எனக்கு வேற ஒண்ணுதான் ஓடுச்சு, அந்த ஃபிஜிக்குத்தான் 1903ல இருந்து மெட்ராஸ் துறைமுகம் வழியா நம்ம சனத்தைக் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக் கப்பல்ல ஏத்துனாங்க. அந்த வாரிசுங்க 1926ல அங்க சங்கம் வெச்சு பள்ளிக்கூடம் நடத்தறாங்க, நாடிங்கற ஊர்ல முருகன் கோயில் கோபுரத்தோட நிக்குது. இந்த சென்டர்ல இதைப் பத்தி நான் ஒண்ணும் பாக்கல.

கோயில்னதும் ஞாபகம் வருது, நாள் மிச்சம் இருந்தா ஹவாயிலயே இன்னொரு தீவு கவாய், அங்க ப்ளைட்ல போயிட்டு வாங்க, முக்கா மணி நேரம் கூட ஆகாது. அங்க சைவ மடம் ஒண்ணு இருக்கு, 1970ல அமெரிக்கச் சாமியார் ஒருத்தரு ஆரம்பிச்சது, பெங்களூருப் பக்கம் கருங்கல்லுல செதுக்கி கப்பல்ல கொண்டு போயி இறைவன் கோயில்னே பேரு வெச்சுக் கட்டி 2023ல கும்பாபிஷேகம் பண்ணுனாங்க. உள்ள போக நேரமும் வழக்கமும் உண்டு, முன்னாலயே கேட்டுக்கோங்க. சென்னிமலை முருகனக் கும்புட்டவங்களுக்கு அந்தப் பச்சைக் காட்டுக்குள்ள தேவாரம் கேக்கறதுன்னா சும்மாவா.


கோவை_டு_சியாட்டில்:

கூலிக் கப்பல் விசயம் சரியான பாயிண்ட்டுங்க தாராபுரம். சார், நீங்க ரெண்டையும் பாருங்க, ஆனா அரண்மனையும் மியூசியமும் மொத நாள், லாயியே அடுத்த நாள். வரிசைய மட்டும் மாத்தாதீங்க.


சென்னிமலை_தறி:

அப்படியே பண்ணிக்கறோம் தம்பி. பையன்கிட்ட பேசீட்டேன், அரண்மனை செவ்வாக்கிழமை, புதன் லீவுன்னு விட்டு வியாழக்கிழமை லாயியே. கோபி தங்கச்சி எழுதுனதை எங்க ஊட்டம்மாகிட்ட படிச்சுக் காட்டுனேன், பட்டையத் தட்டற எடத்துலயே பாதி நாள் உக்காந்துக்கறேங்குது, டோங்காவுல முன் வரிசைல என்னைய உக்கார வெக்கறதாவும் சொல்லிருக்குது. ஒரே ஒரு கேள்வி பாக்கிங்க. மழை வருமாமே அந்தப் பக்கம், கொடை எடுத்துட்டு போகோணுமா?


பொள்ளாச்சி_இளநீர்:

வருமுங்ணா, காத்து வந்து மோதற பக்கம் அது, வெயில் அடிக்கையிலயே தூறும், பத்து நிமிசத்துல நின்னுரும். கூட்டத்துல கொடை விரிச்சா பின்னால இருக்கறவங்க வைவாங்க, தலைல போட்டுக்கற மாதிரி மழைக்கோட்டு ரெண்டு ஈரோட்லயே வாங்கிப் போடுங்க, அங்க அதுக்கும் டாலர்ல தீட்டுவான்.